ஒன்பதில் தொடங்கும் எண்

2009-ல், எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில், மூன்று வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நியூ ஜெர்சியில் வந்து இறங்கினேன். எம்.காம். முடித்து ஊரில் ஆடிட்டரிடம் ஐந்து வருடம் வேலை பார்த்தவள். இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை, அதனால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடையாது. ஆனால் வரிக் கணக்கைக் கணவரோடு சேர்த்துத் தாக்கல் செய்ய எனக்கும் ஏதாவது ஒரு எண் வேண்டுமே. அதற்காக அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் கொடுப்பதுதான் ஐடிஐஎன். எப்போதும் 9-ல் தொடங்கும். எச்-4 மனைவிகளில் ஒரு பகுதியினர் வேலை பார்க்கலாம் என்று 2015-ல் விதி வந்தது. அதுவரை இந்த நாட்டில் எனக்கு இருந்த ஒரே எண் அந்த ஒன்பதுதான்.

இப்போது வேலை பார்க்கிறேன். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சனிக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து, குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். ‘வீட்டா’ என்று பெயர், ஐஆர்எஸ் நடத்தும் திட்டம்தான். அங்கே மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காருபவர்களிடம் என் பழைய ஒன்பதை மறுபடியும் பார்த்தேன். அவர்களில் சிலர் என்னைப் போல எச்-4-ல் வந்த பெண்கள். மற்றவர்கள் பேப்பர், அதாவது இங்கே இருக்க அனுமதி, இல்லாதவர்கள். சாஃப்ட்வேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நாமும் ஸ்டேட்டஸ் என்னவென்று கேட்பதில்லை.

கேட்காமலே தெரிந்துவிடும். கம்பெனி கொடுக்கும் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவத்தில் ஒரு சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கும், கையில் உள்ள ஐஆர்எஸ் கடிதத்தில் 9-ல் தொடங்கும் வேறொரு எண் இருக்கும். முதல் எண் அவருடையது இல்லை. முதல் வருடம் அதைப் பார்த்துத் திகைத்துப்போய் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். அவர் சாதாரணமாக, “படிவத்தில் உள்ளதை உள்ளபடி போடு, கணக்கை ஐடிஐஎன்னில் தாக்கல் செய்” என்றார். ஐஆர்எஸ்ஸே அனுமதிக்கும் வழிதானாம். ஒரு கை உள்ளே வராதே என்கிறது, இன்னொரு கை வரி வாங்கிக்கொள்கிறது.

வருடா வருடம் என்னிடம் வரும் தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் மெக்சிகோவிலிருந்து 1999-ல் வந்தவர். மனைவி இங்கேயே பிறந்தவர், அமெரிக்கக் குடிமகள். இரண்டு பிள்ளைகள். கணவர் வேலை பார்ப்பது நம்மூர்ச் சாப்பாடு போடும் ஓர் உணவகத்தின் சமையலறையில். தோசைக்கல் அவர் பொறுப்பு. எனக்கு மதுரை என்று தெரிந்ததும், மாவு எத்தனை மணி நேரம் புளிக்க வேண்டும், குளிர்காலத்தில் என்ன செய்வது என்று ஸ்பானிஷில் ஆரம்பித்துவிட்டார். மனைவி மொழிபெயர்த்துக்கொண்டே சிரித்தார்.

இவர்களை முதலில் சந்தித்தது 2021-ல். அதற்கு முந்தைய வருடம் கொரோனாவுக்காக அரசு ஆளுக்கு 1,200 டாலர், பிள்ளைக்கு 500 டாலர் கொடுத்ததல்லவா, இந்த வீட்டுக்கு ஒரு காசு வரவில்லை. சேர்த்துத் தாக்கல் செய்யும் தம்பதியில் ஒருவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை என்றால் மற்றவருக்கும் கிடையாது, பிள்ளைகளுக்கும் கிடையாது என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருந்தார்கள். மனைவி குடிமகள், பிள்ளைகள் குடிமக்கள், இருந்தும் பூஜ்யம். டிசம்பரில் அதைத் திருத்தினார்கள். விட்டுப்போன 2,200 டாலரை அந்தக் கணக்கில் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் அவர்கள் வீட்டு ஆடிட்டர்.

2024-ல் அந்தக் கணவருடைய சம்பளம் 38,000 டாலர். அதில் சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கென்று 6.2 சதவீதம், அதாவது 2,356 டாலர், பிடித்திருக்கிறார்கள். பெயரும் எண்ணும் பொருந்தாத பணம் என்பதால் அது யார் கணக்கிலும் சேராமல் தனிக் கோப்பில் கிடக்கும். வயதான பிறகு அவருக்கு அதிலிருந்து வருவது எதுவும் இல்லை. தெரிந்தேதான் இத்தனை வருடமாகக் கட்டுகிறார்.

“குடிமகளைக் கல்யாணம் செய்திருக்கிறாரே, அப்புறம் என்ன?” என்று என் கணவர் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மனைவி விளக்கினார். இரண்டு வக்கீல்களுக்குப் பணம் கொடுத்துக் கேட்டார்களாம், இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். 1996-ல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று. அனுமதி இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் இங்கே இருந்துவிட்டு வெளியே போனால் 10 வருடம் திரும்ப வர முடியாது. எல்லை தாண்டி வந்தவர் கிரீன் கார்டு வாங்க, பெரும்பாலும் ஒருமுறை வெளியே போய்த் தூதரகத்தில் நிற்க வேண்டும். வெளியே போனதும் அந்தத் தடை விழும். இதற்காவது மன்னிப்பு மனு என்று ஒன்று உண்டு. இவர் நிலைமை அதைவிட மோசம். 2006-ல் அம்மா இறந்தபோது ஊருக்குப் போய்விட்டு, மறுபடியும் எல்லை தாண்டித் திரும்பியிருக்கிறார். அப்படி வந்தவர்களுக்குச் சட்டத்தில் இருப்பது நிரந்தரத் தடை. 10 வருடம் வெளியே இருந்த பிறகுதான் திரும்ப வர அனுமதியே கேட்க முடியும். அம்மா காரியத்துக்குப் போனதற்கு அந்த விலை.

2025 பிப்ரவரி 5-ஆம் தேதி 104 இந்தியர்களைக் கைகால் விலங்கோடு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுபோய் இறக்கினார்கள். அன்று எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் விலங்கு போட்டதற்குக் கோபப்பட்டவர்களைவிட, “நாமெல்லாம் வரிசையில் நிற்கவில்லையா, குறுக்கே புகுந்தால் இதுதான் கதி” என்றவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சில வருடம் முன்பு நானே அப்படி எழுதியிருப்பேன். பத்து வருடத்துக்கு மேலாக ஒழுங்காக நிற்பவனுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் தோசைக்கல்லில் நிற்பவருக்கு எந்த வரிசை? தேடிப் பார்த்தேன். 1990-ஆம் வருடச் சட்டப்படி, பெரிய படிப்போ பயிற்சியோ தேவைப்படாத வேலைகளுக்கு உலகம் முழுமைக்கும் சேர்த்து வருடத்துக்கு 10,000 கிரீன் கார்டு. குடும்பத்தையும் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. இந்த ஒரு மாநிலத்துச் சமையலறைகளுக்கே அது காணாது.

நாங்கள் நிற்கும் வரிசையும் அதே சட்டம் போட்டதுதான். எந்த நாட்டுக்கும் மொத்தத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது, இந்தியாவுக்கும் அதுதான், ஐஸ்லாந்துக்கும் அதுதான். என் கணவருடைய பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் இடம் பிடித்த தேதி, 2014. எந்தத் தேதிக்காரர்கள் முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டின், 2025 ஏப்ரலில் இன்னும் 2013-ன் தொடக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் மூடிவைப்பது எங்கள் வீட்டில் அமாவாசை விரதம் மாதிரி ஆகிவிட்டது.

இடுப்பில் தூக்கி வந்த பையனுக்கு 2025-ல் 19. அவனுக்கு 21 ஆகும்போது எங்கள் முறை வந்திருக்காவிட்டால் ‘ஏஜ் அவுட்’. எங்கள் விண்ணப்பத்திலிருந்து அவன் பெயர் கழன்றுவிடும். மாணவர் விசா வாங்கி வெளிநாட்டு மாணவன் என்று உட்கார வேண்டும், பிறகு எச்-1பி லாட்டரி, பிறகு வரிசையின் கடைசி. அவனுக்குத் தமிழே அமெரிக்க வாடையோடுதான் வரும்.

சிறு வயதில் வந்த பிள்ளைகளுக்காக ஒபாமா 2012-ல் கொண்டுவந்த டாக்கா இருக்கிறதே என்று விசாரித்தேன். வயது இவனுக்குப் பொருந்துகிறது. ஆனால் 2007 ஜூன் 15-லிருந்து இங்கேயே இருந்திருக்க வேண்டும், நாங்கள் வந்ததே 2009-ல். அது போக, 2012 ஜூன் 15 அன்று சட்டப்படியான ஸ்டேட்டஸ் இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. நாங்கள் ஒழுங்காக எச்-4 வைத்திருந்தோம், அதனால் முன்னாலேயே வந்திருந்தாலும் அவனுக்குத் தகுதியில்லை. இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எல்லையைத் திறந்துவிடு என்று நான் சொல்லவில்லை. 1986-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குப் பேப்பர் கொடுத்தது, கூடவே இனிமேல் பேப்பர் இல்லாதவர்களை வேலைக்கு வைத்தால் முதலாளிக்குத் தண்டனை என்றும் சொன்னது. இரண்டாவது பாதி படுத்துவிட்டது. வேலைக்குச் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்துக்குத் தொழிலாளி காட்டும் ஆவணம் பார்வைக்கு உண்மையாகத் தோன்றினால் முதலாளியின் கடமை முடிந்தது. அப்புறம் யார் நோண்டிப் பார்ப்பார்கள்? எண்ணைச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கினால் எனக்குச் சம்மதமே. ஆனால் அதற்கு முன்னால், சமையலறைக்கும் ஆள் வர ஒரு நேர்வழி வேண்டும். அது இல்லாமல் சரிபார்த்தால் சம்பளமெல்லாம் கைப்பணமாகிவிடும், எங்கள் நூலகத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஒரு பழைய கதவு இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ‘ரெஜிஸ்ட்ரி’ என்று 1929-லிருந்தே உள்ள ஏற்பாடு. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் வந்து, நன்னடத்தையோடு தொடர்ந்து இங்கேயே வாழ்பவர் நிரந்தரவாசியாக விண்ணப்பிக்கலாம். அந்தத் தேதியை அவ்வப்போது முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். கடைசியாக நகர்த்தியது 1986-ல், 1972 ஜனவரி 1-க்கு. பிறகு யாரும் தொடவில்லை. இதில் உள்ள ஒரு எண்ணை மாற்ற சுமார் நாற்பது வருடமாக முடியவில்லை என்றால் என்ன சொல்வது. 2013-ல் செனட் 68-க்கு 32 என்ற கணக்கில் ஒரு பெரிய சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியது. கீழவை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அப்போது பையன் இரண்டாம் வகுப்பு. அவன் காலேஜ் போவதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது.

2025-ல் நூலகத்தில் கூட்டம் குறைவு. வரி விவரங்களைக் குடியேற்றத் துறைக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று மார்ச்சிலேயே பேச்சு. ஏப்ரல் 7-ஆம் தேதி இரண்டு துறைகளும் ஒப்பந்தமே போட்டுவிட்டன. நம் தம்பதி வந்தது மார்ச் கடைசி சனிக்கிழமை. தாக்கல் செய்யலாமா வேண்டாமா என்று மனைவி கேட்டார். தன்னார்வலர் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, எனக்குச் சொல்லவும் தெரியாது. வக்கீலைக் கேளுங்கள் என்றேன். கேட்டாயிற்று, அவரும் சேர்ந்து கவலைப்படுகிறார் என்றார்.

கணக்கு முடிந்தது. 214 டாலர் திரும்ப வரும். கடைசியாக முகவரியைச் சரிபார்க்க வேண்டும். கணவருடைய அக்கா வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா என்று மனைவி கேட்டார். கடிதம் வந்து சேரும் முகவரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். இருவரும் ஸ்பானிஷில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். அப்புறம் கணவரே, ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னார்: கதவு எண், தெரு, ஊர். போன வருடம் இருந்த அதே முகவரி.