வெயில் இருந்தது, கரண்ட் இல்லை

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மேடவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த வாரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. வீட்டில் இருந்த பழைய 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி முதல் ராத்திரியே கையை விரித்துவிட்டது. மழை விட்டு மறுநாள் நல்ல வெயில் அடிக்கிறது, மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று கிடக்கிறது, கீழே ஒரு பல்பு எரியவில்லை. எதிர்வீட்டு அக்கா நான்கு போனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து, "உங்க வீட்லதான் சோலார் இருக்கே தம்பி, கொஞ்சம் சார்ஜ் போட்டுக் கொடேன்" என்றார். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். நெட் மீட்டரோடு, அதாவது நாம் இபியிலிருந்து எடுப்பதையும் மிச்சத்தை இபிக்குக் கொடுப்பதையும் கழித்துக் கணக்குப் போடும் மீட்டரோடு போடும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், இபி லைனில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். லைன் போன அடுத்த நொடியே தானும் நின்றுவிடும். கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் நம் மாடியிலிருந்து கிளம்பிய கரண்ட் பாயும். நியாயம்தான். ஆனால் பேனல் வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2024-ல் பழைய செட்டைத் தொடாமல் தனியாக ஒன்று போட்டேன். 540 வாட் பேனல் நான்கு, பேனல், பேட்டரி, இபி மூன்றையும் சேர்த்து மேய்க்கும் 5 கிலோவாட் 48 வோல்ட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 51.2 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று. 5 யூனிட் பிடிக்கும். மொத்தம் இரண்டரை லட்சத்துக்குக் கிட்ட வந்தது. இதில் பணம் திரும்ப வருமா என்று கேட்பவர்களுக்கு: வராது, அல்லது வருவதற்குள் நமக்கு வயசாகிவிடும். நெட் மீட்டர் இருக்கும்போது இபி லைனே நமக்குப் பெரிய பேட்டரி மாதிரிதான். வீட்டுக்குள் பேட்டரி வைப்பது இருட்டில் உட்கார மனசில்லாததால், அவ்வளவுதான்.

லித்தியம் ஏன், டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரி விலை குறைவாயிற்றே என்று மச்சான் கேட்டார். லெட் ஆசிட் பேட்டரியை எண்பது சதவீதம் வரை வேகமாக ஏற்றிவிடலாம், கடைசி இருபதுக்குத்தான் அது மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், அதற்குள் வெயில் இறங்கிவிடும். தினமும் அரைகுறையாகவே நிரம்பினால் தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரமே ஆயுள் முடிந்துவிடும். பாதிக்குக் கீழே இறக்கவும் கூடாது. லித்தியத்துக்கு இந்த நச்சரிப்பு இல்லை, கிட்டத்தட்ட கடைசி வரை ஒரே வேகத்தில் ஏறும், முழுசாக நிரம்பவில்லை என்றாலும் கோபித்துக்கொள்ளாது. அப்புறம் டிஸ்டில்டு வாட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். வெப்பம் மட்டும் ஆகாது. மாட்ட வந்தவர் மாடிப்படி ஹெட்ரூமில் வைக்கலாம் என்றார், மே மாதம் அங்கே அப்பளம் பொரிக்கலாம். அதனால் கீழே படிக்கட்டுக்கு அடியில் வைத்தோம்.

பேட்டரி வாங்குகிறவர்கள் எல்லோரும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்றுதான் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். எதிலிருந்து, எப்போது, எவ்வளவு வேகத்தில் நிரம்பும் என்று கேட்கவில்லை. அதற்கான கட்டணத்தை 2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயலின்போது செலுத்தினேன்.

என் இன்வெர்ட்டரில் 1-ஆம் செட்டிங், வீட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து போக வேண்டும் என்பது. 16-ஆம் செட்டிங், பேட்டரிக்கு எங்கிருந்து ஏற வேண்டும் என்பது. 1-ல் எஸ்பியு வைத்திருந்தேன், அதாவது முதலில் சோலார், பிறகு பேட்டரி, கடைசியாகத்தான் இபி. 16-ல் ஓஎஸ்ஓ, சோலாரிலிருந்து மட்டுமே சார்ஜ். வெயில் காலத்துக்கு அருமையான ஏற்பாடு. பகலில் எட்டு யூனிட் வரை வரும், மதியத்துக்குள் பேட்டரி நிரம்பிவிடும், ராத்திரி அதில் வீடு ஓடும், இபி பக்கமே போக வேண்டியதில்லை. இதைப் பார்த்து எனக்கு ஒரு பெருமை வேறு.

ஆனால் புயலுக்கு முன்னால் மூன்று நாள் சூரியனே இல்லை. பகலில் ஒரு யூனிட்கூட ஏறவில்லை, ராத்திரியில் மட்டும் வழக்கம்போல வீடு பேட்டரியைத் தின்றது. இபியில் கரண்ட் அப்போது தாராளமாக இருந்தது, அதிலிருந்து ஒரு சொட்டும் ஏற்றாதே என்று சொல்லிவைத்திருந்தது நான்தான்! 30-ஆம் தேதி காலையில் கரண்ட் போனபோது டிஸ்ப்ளே ஐம்பது சதவீதம் காட்டியது. சரி, சமாளிக்கலாம் என்று பிரிட்ஜையும் ஓடவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு டப்பென்று எல்லாம் அணைந்தது.

அந்த ஐம்பது பொய். இந்த வகை பேட்டரியில் வோல்டேஜ் நடுவில் ரொம்ப நேரம் ஒரே இடத்தில் நிற்கும், எழுபதிலும் 52-சொச்சம், நாற்பதிலும் 52-சொச்சம்தான், கடைசியில் மட்டும் மளமளவென்று சரியும். இன்வெர்ட்டர் வோல்டேஜைப் பார்த்து குத்துமதிப்பாக ஒரு சதவீதம் போட்டுக்கொண்டிருந்தது. உண்மைக் கணக்கு பேட்டரிக்குள் உட்கார்ந்து அதைக் கண்காணிக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ்-இடம் இருக்கிறது, அதை இன்வெர்ட்டருக்குச் சொல்ல நெட்வொர்க் கேபிள் மாதிரி ஒரு ஒயர் வரும். மாட்டியவர் அதை பேட்டரி வந்த அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிட்டார். இன்னொன்றும் செய்திருந்தார்: கட்-ஆஃப் வோல்டேஜை, அதாவது இதற்குக் கீழே இறங்கினால் பேட்டரியிலிருந்து எடுப்பதை நிறுத்து என்ற அளவை, லெட் ஆசிட் காலத்து 42-லேயே விட்டிருந்தார். லித்தியத்துக்கு 48-லேயே கதை கிட்டத்தட்ட முடிந்துவிடும். இன்வெர்ட்டர் நிறுத்தாததால் பிஎம்எஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பேட்டரியையே துண்டித்துவிட்டது.

துண்டித்ததால் வந்த வினை மறுநாள் காலையில்தான் புரிந்தது. லேசாக வெளிச்சம் வந்தது, பேனலில் வோல்டேஜ் இருக்கிறது, ஆனால் முனையில் பேட்டரியே தெரியாததால் என் இன்வெர்ட்டர் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. மறுபடியும் அதே கதை, மேலே பேனல், கீழே இருட்டு, இந்த முறை இரண்டரை லட்சம் செலவழித்து. இபி கரண்ட் வந்த பிறகுதான் அது கண் திறந்தது.

அந்தக் கோபத்தில் 16-ஐ எஸ்என்யு-க்கு மாற்றி, அதாவது சோலாரும் இபியும் இரண்டுமே, 60 ஆம்பியரில் வைத்தேன். 60 ஆம்பியர் என்றால் பேட்டரி மட்டுமே 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும் என்ற கணக்கு அப்போது தலையில் ஏறவில்லை. பிரிட்ஜ், ஃபேனோடு மோட்டாரையும் போட்டதும் 16 ஆம்பியர் எம்சிபி விழுந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. எஸ்என்யு-வை நிரந்தரமாக வைப்பதிலும் பிரயோஜனமில்லை, ராத்திரியே இபியில் நிரம்பிவிட்டால் காலையில் வருகிற வெயிலுக்கு இடம் இருக்காது.

இப்போது ஒயர் மாட்டியாகிவிட்டது, டிஸ்ப்ளேயில் பிஎம்எஸ் சொல்லும் நிஜ சதவீதம் வருகிறது. கட்-ஆஃப் 48. இபி இருக்கும்வரை பேட்டரி ஐம்பதுக்குக் கீழே இறங்காது. சாதாரண நாளில் சோலார் மட்டும், வானிலை மையம் எச்சரிக்கை விட்டால் அன்றைக்கே இபியிலிருந்து 20 ஆம்பியரில் நூறு வரை ஏற்றிவிடுகிறோம். மோட்டார் நண்பகலில், வெயில் இருக்கும்போது மட்டும்.

நான் ஊரில் இல்லாதபோது புயல் வந்தால் என்ன செய்வது என்று மனைவி இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள்: "புயல்னா 16 - எஸ்என்யு, 20 ஆம்ப்ஸ். முடிஞ்சதும் ஓஎஸ்ஓ." அதற்குக் கீழே பென்சிலில் அம்மாவின் கையெழுத்து: "முதல்ல டேங்க் ரொப்பு."