தட்டில் வளர்த்த மூச்சுக்குழாயும் அதில் விட்ட பாக்டீரியாவும்

பாக்டீரியா நுரையீரலைத் தாக்குவதை ஆய்வகத்தில் பார்க்க வேண்டும் என்றால், முதலில் தாக்குவதற்கு மூச்சுக்குழாயின் உட்புறம் போல உருப்படியான ஒரு செல் படலம் வேண்டும். அதை வளர்த்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சாதாரண பிளாஸ்டிக் தட்டில், திரவத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் செல்கள் மூச்சுக்குழாய்ச் செல்களாக முதிர்வதே இல்லை. அவற்றுக்குக் காற்றுப்பட வேண்டும்.

அதனால் 0.4 மைக்ரான் துளைகள் கொண்ட சவ்வில் கொலாஜன் என்ற புரதத்தைப் பூசி, அதன்மேல் மனித மூச்சுக்குழாயின் அடித்தளச் செல்களை, அதாவது மற்ற செல்களாக முதிரக்கூடியவற்றை, பரப்பினேன். இடைவெளி இல்லாமல் நிறைந்ததும் மேல்பக்கத் திரவத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கீழேயிருந்து சத்து, மேலே வெறும் காற்று. அப்புறம் மூன்று நான்கு வாரம் மீடியம் என்ற அந்தச் சத்துத் திரவத்தை மாற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

காத்திருந்ததற்குப் பலன் மைக்ரோஸ்கோப்பில் தெரியும். சிலியா என்ற நுண்மயிர்கள் முளைத்து, நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கத் தொடங்கும். செத்த செல்களின் துணுக்குகள் சளியில் மாட்டிக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றும். வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

படலத்தில் ஓட்டை இருக்கிறதா என்பதைக் கண்ணால் நம்ப முடியாது. இரண்டு பக்கமும் மின்முனை வைத்து மின்தடையை அளப்போம். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் இறுகப் பிணைந்திருந்தால் தடை சில நூறு ஓம் வரை ஏறும். தொற்றுக்கு முன்பே மீடியத்திலிருந்து ஆன்டிபயாடிக்கை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் விடும் பாக்டீரியா அங்கேயே செத்துவிடும்.

நான் எடுத்துக்கொண்டது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா. வேகமாகப் பெருகும் கட்டத்தில் கழுவி எடுத்து, சில மைக்ரோலிட்டர் மட்டும் மேலே விட்டேன். அதிகம் விட்டால் காற்றுக்காக வளர்த்த படலம் மறுபடி திரவத்தில் மூழ்கிவிடும். சில மணி நேரம் கழித்து கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், முழுசாக இருந்த இடங்களில் பெரிதாக எதுவும் நடந்திருக்கவில்லை. பாக்டீரியா சளியில் கிடந்தது, செல்கள் தம்பாட்டுக்கு இருந்தன. ஆனால் பிபெட் நுனியால் வேண்டுமென்றே கீறி வைத்திருந்த தட்டில், கீறலின் ஓரம் நெடுக பாக்டீரியா பச்சைப் புள்ளிகளாக அப்பிக்கிடந்தது. வழக்கமாக மறைந்திருக்கும் செல்லின் பக்கவாட்டும் அடிப்புறமும் அங்கே வெளியே தெரிகின்றன. சூடோமோனாஸுக்குப் பிடித்த இடம் அதுதான். பைலை என்ற இழைகளால் ஒட்டிக்கொண்டு, ஊசி போன்ற ஓர் அமைப்பால் தன் நச்சுப் புரதங்களை நேரே செல்லுக்குள் செலுத்துகிறது. எக்ஸோஎஸ் என்ற புரதம் செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் சட்டகத்தைக் குலைக்க, செல் சுருண்டு பிடியை விடுகிறது. பக்கத்துச் செல்லின் ஓரமும் திறந்துகொள்கிறது. மின்தடை சரிவது அதற்கப்புறம்தான்.

செல்களும் சும்மா இருப்பதில்லை. பாக்டீரியாவின் வால் புரதத்தை செல்லின் டிஎல்ஆர்-5 என்ற உணர்வான் உணர்ந்துகொள்கிறது. கீழ்த் திரவத்தில் இன்டர்லூக்கின்-8 என்ற சமிக்ஞைப் புரதம் ஏறியிருந்தது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை வரவழைக்கும் அழைப்பு அது. என் தட்டில் வருவதற்கு நியூட்ரோஃபில் ஒன்றும் இல்லை என்பது இந்த முறையின் பெரிய குறை. உடலில் அவை வந்து, பாக்டீரியாவோடு சேர்த்துப் படலத்தையும் கொஞ்சம் நாசம் செய்யும்.

கீறல் செயற்கையானதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் சிலியா செல்களை உதிர்த்து இதே வேலையைத்தான் செய்கிறது. 1918 கொள்ளைநோயில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா இருந்தது. அதனால் அடுத்த சுற்றில் பிபெட்டால் கீறப்போவதில்லை. முதலில் வைரஸ், படலம் உதிரத் தொடங்கியதும் பாக்டீரியா.