வர்க்கமூலம்

உயர்தர வகுப்பில் ஒரு நாள், பொருளியல் சேர் வந்ததும் வராததுமாகக் கரும்பலகையில் ‘வர்க்கமூலம்’ என்று எழுதினார். பின்வாங்குக் கூட்டாளி எழுந்து, “சேர், கணிதம் பக்கத்து வகுப்பில்” என்றான். சேர் சிரிக்கவில்லை. வெண்கட்டியால் சொல்லின் நடுவே ஒரு கோடு இழுத்தார். வர்க்கம் ஒருபுறம், மூலம் ஒருபுறம். “தம்பி, இந்தக் கணக்கோடு ஒரு தாடிக்காரர் ஆயுள் முழுக்க மினக்கெட்டார்” என்றார்.

பாடசாலை மலரில் விளையாட்டுப் போட்டியையும் நாடகத்தையும் பற்றி எழுத நிறையப் பேர் இருப்பார்கள். எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வந்தது.

ஒருவன் நாள் முழுக்கப் பாடுபட்டு உண்டாக்குவது அவன் உண்பதற்கே சரி என்றால், அவனை அடிமையாக வைத்திருந்து யாருக்கு என்ன பிரயோசனம்? சேர் இங்கிருந்துதான் தொடங்கினார். பயிரும் மந்தையும் வந்து, உண்டது போக மிஞ்சத் தொடங்கிய பிறகுதான் அடுத்தவன் உழைப்பின்மேல் ஆசை வந்தது. மிச்சத்துக்குக் களஞ்சியம், களஞ்சியத்துக்குக் காவல். “காவல்காரன் எப்போது சொந்தக்காரன் ஆனான்?” என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். அந்தத் தாடிக்காரர் கார்ல் மார்க்ஸ். அவருடைய தோழர் எங்கெல்ஸ் 1884இல், அமெரிக்க மானிடவியலாளர் மார்கனின் 1877ஆம் ஆண்டு ஆய்வை வைத்துச் சொன்ன கதை இது. எல்லாச் சமூகங்களும் மார்கன் போட்ட படிகளில் வரிசையாக ஏறவில்லை என்று பிற்கால மானிடவியலாளர்கள் காட்டிவிட்டார்கள். சேர் அதையும் சொன்னார், கொஞ்சம் மெல்லிய குரலில்.

அப்புறம் பலகையில் நீளமாக ஒரு கோடு: 12 மணி நேர வேலைநாள். நடுவில் ஒரு புள்ளி. முதல் 6 மணி நேரத்தில் தொழிலாளி தன் கூலிக்கு ஈடான மதிப்பை உண்டாக்கிவிடுகிறான், மீதி 6 மணி நேரம் முதலாளிக்கு. பண்ணையடிமைக்கு இந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியும். சில நாள் தன் நிலத்தில், சில நாள் பிரபுவின் நிலத்தில். கூலிக்காரனுக்குத் தெரியாது, முழு நாளுக்கும் சம்பளம் வாங்கியதுபோலவே இருக்கும். சேர் பெருவிரலால் புள்ளியை அழித்துக் காட்டினார். அந்த மீதி நேரத்தில் உண்டாகும் உபரி மதிப்பைப் பற்றி அதன்பின் எத்தனையோ வாசித்துவிட்டேன், அந்த வெள்ளை விரலை விட எதுவும் தெளிவாக இல்லை.

சரி, வர்க்கம் என்றால் என்ன? மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலில் 3ஆம் பாகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு அதுதான் தலைப்பு. கூலி, லாபம், நிலவாடகை என்று வருமானம் வரும் வழியை வைத்துப் பிரிக்கலாமா என்று மார்க்ஸ் கேட்கிறார். அப்படியென்றால் வைத்தியர்களும் அதிகாரிகளும் தனித்தனி வர்க்கமாகிவிடுவார்களே என்று அவரே இழுக்கிறார். அதோடு கையெழுத்துப் பிரதி நின்றுவிடுகிறது. சாவு குறுக்கிட்டது என்றே நினைத்தோம். இல்லை. அதை எழுதியது 1860களின் நடுவில், அவர் இறந்தது 1883இல். எங்கெல்ஸ் 1894இல் அப்படியே அச்சேற்றினார். “சோதனைக்கு வருமா சேர்?” என்று கேட்டோம். வரவில்லை.

நான் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். என் ஓய்வூதியப் பணமோ யார் யாருடைய கம்பனிப் பங்குகளிலோ கிடக்கிறது. புள்ளிக்கு எந்தப் பக்கம் நான்? கணக்காளராகிவிட்ட அந்தப் பின்வாங்குக் கூட்டாளியிடம் போன மாதம் தொலைபேசியில் கேட்டேன்.

“உன் சொத்திலிருந்து வீட்டுக்கடனைக் கழித்துப் பாரடா, மறை எண் வரும்” என்றான். “மறை எண்ணுக்கு ஏது வர்க்கமூலம்?”