காசிமேட்டு டீக்கடையில் இன்னும் ஓயாத கேள்வி

"2009ல உலகம் ஏன் வேடிக்கை பார்த்துச்சு?" இலங்கைல புலிகளோட போர் முடிஞ்ச மே மாசம் வந்தா காசிமேட்டுல இந்தப் பேச்சு வரும். உலகத்துக்கு மனசு இல்லன்னு மட்டும் சொல்லி முடிச்சிட முடியாது.

உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்க ஒரு அரசுக்குத் துப்பாக்கி மட்டும் போதாது, கிளர்ச்சி அமைப்புக்கு வெளிநாடுகள்ல தடையும் வேணும். புலிகளை அமெரிக்கா 1997ல், பிரிட்டன் 2001ல், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006ல் தடை செஞ்சாங்க. தடை வந்தா நிதி வசூலே குற்றம். பணம் சுருங்கினா ஆயுதக் கப்பல் சுருங்கும். 2007ல் ஆழ்கடல்ல இலங்கைக் கடற்படை அந்தக் கப்பல்களையும் மூழ்கடிச்சிது.

அடுத்து, கைவசம் நண்பர்கள். சீனா, ரஷ்யா எதிர்ப்பால ஐ.நா. பாதுகாப்புச் சபையோட அதிகாரபூர்வ நிகழ்ச்சி நிரல்ல விஷயம் ஏறவே இல்ல. 2009 மே, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் தீர்மானத்துல இலங்கைக்குச் சாதகமா 29 ஓட்டு, எதிரா 12. இந்தியா ஓட்டும் அந்த 29ல்தான். (2012ல் அதே இந்தியா இலங்கையை எதிர்த்து ஓட்டு போட்டது. அது தமிழ்நாட்டு அழுத்தம்.)

பெயர் கெட்டா நஷ்டம் எங்க தெரியும்? வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணி வியாபாரிக்குச் சட்டுனு புரியும். 2010 ஆகஸ்ட்ல ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ்ங்கிற இறக்குமதி வரிச் சலுகையை நிறுத்துச்சு. வரியே இல்லாமப் போன இலங்கை ரெடிமேடுக்குப் பெரும்பாலும் 9.6 சதவீத வரி. சலுகை திரும்பினது 2017 மே மாசம். ஆனா அந்த அடி விழுந்தப்போ போர் முடிஞ்சு ஒரு வருஷம் தாண்டியாச்சு.