சிங்கத்துக்குக் குத்தகை: கென்யா நாட்குறிப்பு

செப்டம்பர் 27, சனி – நைரோபி

காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கிளம்பியதால் மகன் விமானத்திலும் கணக்குப் பரீட்சையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். மும்பையிலிருந்து ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் வைத்துக்கொண்டோம். நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து வந்த அத்தை வெளியே வந்ததும் சால்வை கேட்டார்.

இந்தப் பயணத்துக்கு அத்தை வருவாரா என்பதே கடைசி வரை சந்தேகமாக இருந்தது. காங்கேயத்துப் பக்கம் தோட்டம், மாடு என்று இருப்பவர். மாட்டை யார் பார்ப்பார்கள் என்று ஒரு மாதம் தள்ளிப் போட்டார். அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அறுபது தாண்டியவர்களுக்கு டாக்டர் பார்த்துச் சரி என்றால்தான் போடுவார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டையுடன் வெளியே வந்தவர், "இனி வராம இருந்தா ஊசி வீணாப் போயிரும்" என்றார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் கேரி பைக்குத் தடை. பருப்புப் பொடி, முறுக்கு, பொரி எல்லாவற்றையும் அத்தை மஞ்சப்பைக்கு மாற்றித்தான் கொண்டு வந்தார்.

மதியம் நைரோபி தேசியப் பூங்கா. 1946-ல் தொடங்கியது, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. பரப்பளவு 117 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கம் வேலி, தெற்குப் பக்கம் மட்டும் திறந்து கிடக்கிறது. ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள், தலைக்கு மேலே தூண்களின் மீது போகும் ரயில் பாலம். தூரத்தில் ஒரு காண்டாமிருகம். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்று "பிக் ஃபைவ்" பட்டியல் எழுதி வைத்திருந்த நோட்டில் மகன் முதல் டிக் போட்டான்.

யானைத் தந்தம் எரித்த இடத்தில் இறங்கி நடக்கலாம். 1989-ல் 12 டன் தந்தத்தை அன்றைய அதிபர் மோய் கொளுத்தினார், 2016-ல் 105 டன் எரித்தார்கள். "வித்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்?" என்று என் கணவர் மனக்கணக்குப் போட, மகள் முறைத்தாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு – அம்போசெலி

நாரோக் ஊர்ப் பக்கத்து மாசாய்க்காரர் ஒருவர்தான், மாடு மேய்க்கும் இனத்தவர், எங்களுக்கு ஓட்டுநரும் வழிகாட்டியும். கூரையைத் தூக்கி நிறுத்தும் லேண்ட் குரூசர். பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் அவரை "டிரைவர் மாமா" ஆக்கிவிட்டார்கள்.

மொம்பாசா சாலை முழுக்க லாரிகள். இந்த வழியில்தான் பழைய ரயில் பாதையும் போகிறது. 1896-க்கும் 1901-க்கும் இடையில் அதைப் போட இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 32,000 பேரைக் கொண்டு வந்தார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். சுமார் 2,500 பேர் வேலையின்போதே இறந்துபோனார்கள். 1898-ல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களைத் தூக்கிப் போன கதையை ஓட்டுநர் சொன்னார். அந்தச் சிங்கங்கள் இப்போது சிகாகோ அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து நிற்கின்றன. மகன் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

வழியில் டீக்கடையில் சப்பாத்தியும் சமோசாவும். இரண்டும் இங்கே இந்தியச் சாப்பாடு இல்லை, அவர்களுடைய தினசரிச் சாப்பாடு.

சாயங்காலம் அம்போசெலி தேசியப் பூங்காவுக்குள் நுழைந்ததும் யானைகள் வரிசையாகச் சதுப்பை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தன. வயிறு வரைக்கும் கறுப்பு, அதற்கு மேல் புழுதி நிறம். மழையே குறைவான இந்த மண்ணில் சதுப்பு எப்படி என்று கேட்டேன். கிளிமஞ்சாரோவில் விழும் மழையும் பனியும் எரிமலைப் பாறைக்குள் இறங்கி, நிலத்தடியாக வந்து இங்கே ஊற்றெடுக்கிறதாம். மலை தான்சானியாவில், தண்ணீர் கென்யாவில். காவிரிக்காரர்களுக்கு இதைக் கேட்டால் ஏக்கமாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 29, திங்கள் – அம்போசெலி

விடியும்போது மலை தெரிந்தது. 5,895 மீட்டர். எட்டு மணிக்கெல்லாம் மேகம் மூடிவிட்டது. காலையில் எழ மறுத்த மகள் அதைப் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் மேல்தான் கோபம்.

இந்த யானைகளை 1972 முதல் சிந்தியா மாஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பின்தொடர்ந்து வருகிறார்கள். காதின் கிழிசலையும் ஓட்டையையும் வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் எழுத்து வைத்துப் பெயர். கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. அத்தை அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மதியத்துக்கு மேல் பூங்காவுக்கு வெளியே ஒரு மாசாய்க் குடியிருப்பு. தலைக்கு இத்தனை டாலர் என்று வாங்கிக்கொண்டு குதித்து ஆடிக் காட்டினார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆடியவர்களுக்கும் அலுத்துப் போயிருந்தது முகத்தில் தெரிந்தது. பாசிமணி கடைவிரித்ததும் எப்படிக் கழன்றுகொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணோம்.

பட்டியில் நின்றுகொண்டிருந்தார். முள்வேலிக்கு உள்ளே, மேய்ச்சலுக்குப் போகாத நான்கைந்து மாடுகள். எல்லாம் திமில் வைத்த மாடுகள். ஒரு மாட்டின் மடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "மடி விட்டிருக்குது. நாலஞ்சு நாள்ல கன்னு போட்டிரும். அந்தம்மாகிட்டச் சொல்லு கண்ணு" என்றார் மகளிடம். மகள் ஆங்கிலத்தில் சொல்ல, ஓட்டுநர் மாசாயில் சொல்ல, வீட்டுக்காரப் பெண்மணி மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாள்தான் என்று அர்த்தம். இரண்டு பேரும் மாட்டைச் சுற்றி வந்து தொட்டுத் தொட்டு வாதாடினார்கள், நடுவில் மொழிபெயர்ப்பு நின்றே போனது.

வீட்டுச் சுவருக்குச் சாணி மெழுகுவது பெண்கள் வேலை. வீட்டைக் கட்டுவதே அவர்கள்தானாம். வறட்சி வந்தால் மாட்டுக்கு எங்கே தண்ணி காட்டுவீர்கள் என்று அத்தை கேட்டார். அந்தச் சதுப்பு முன்பு இவர்களுடைய மாடுகளும் குடித்த இடம். 1974-ல் தேசியப் பூங்கா ஆனதும் உள்ளே விடக் கூடாது என்றாகிவிட்டது. 2022 வறட்சியில் கென்யா முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட யானைகள் செத்தன, மாடுகளுக்குக் கணக்கே கிடையாது என்றார் ஓட்டுநர். திரும்பும் வழியில் அத்தை அதிகம் பேசவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய் – நைவாஷா

நாள் முழுக்கப் பயணம். பிளவுப் பள்ளத்தாக்கைச் சாலையோரம் நின்று பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முதுகு வலியில் யாருக்கும் ரசனை இல்லை. நைவாஷா ஏரி பெருகி ஏறி வந்திருக்கிறது. கரையோர மரங்கள் தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்க, படகு அவற்றுக்கு நடுவே போனது. நீர்யானைகள், மீன் பிடிக்கும் கழுகு. இரவில் நீர்யானைகள் புல் மேயக் கரை ஏறும், காவலாளி இல்லாமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள் என்றார்கள். எங்களுக்கு வர உத்தேசமும் இல்லை.

அக்டோபர் 1, புதன் – மாசாய் மாரா

ஆயுத பூஜை. நாரோக் தாண்டி வந்து சேரவே மதியம் ஆகிவிட்டது. மாரா காப்புக்காட்டின் செகெனானி வாசலுக்கு வெளியே கூடார விடுதி. வந்ததும் அத்தை சமையல்கட்டில் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். விபூதி, குங்குமம், சந்தனம் எல்லாம் சுருக்குப் பையில் ஊரிலிருந்தே வந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. சூடம் மட்டும் வேண்டாம், புல் காய்ந்து கிடக்கிறது என்று விடுதிக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். லேண்ட் குரூசரைக் கழுவி, பொட்டு வைத்து, நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தாகிவிட்டது.

ஓட்டுநருக்கு ஒரே ஆச்சரியம். எந்தச் சாமிக்கு என்று கேட்டார்.

"சாமிக்கில்லீங் தம்பி, வண்டிக்குத்தான்" என்றார் அத்தை.

பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி முன்னால் போனதும் பக்கத்து வண்டி ஓட்டுநர்கள் கை தட்டினார்கள். பொரிகடலை எல்லாருக்கும். ஒருவர் தன் வண்டிக்கும் வைக்கச் சொல்லிக் கேட்டார், எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டது. பொட்டு மட்டும் வைத்து அனுப்பினோம்.

அக்டோபர் 2, வியாழன் – மாரா ஆறு

நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை பெரியவர்களுக்கு 200 டாலர், பிள்ளைகளுக்கு 50. அதுவும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 700 டாலர், அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். போகிற எண்ணம் இருப்பவர்கள் இதை முதலில் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனுக்குள் போனால் பெரியவர்களுக்குப் பாதிதான், ஆனால் வில்டபீஸ்ட் என்ற பெரிய மானினத்தின் கூட்டம் அப்போது பெரும்பாலும் தான்சானியாவின் செரங்கெட்டிப் பக்கம் இருக்கும்.

அந்தக் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கத்தான் இந்த மாதத்தில் வந்தோம். "மாட்டுத் தலை, குதிரை வாலு, ஆட்டுத் தாடி. மிச்சம் மீதி வெச்சுப் பண்ணுன மாதிரி இருக்குது" என்றார் அத்தை. பத்து மணிக்கு எதிர்க்கரையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஆயிரம் இருக்கும், பிறகு எண்ண முடியவில்லை. இந்தப் பக்கம் வண்டிகளும் சேர்ந்தன. தண்ணீரில் மூன்று முதலைகள், ஒன்று மணலில்.

முன்னால் நின்றவை தண்ணீர் வரைக்கும் வந்தன, மோந்து பார்த்தன, திரும்பின. மறுபடி வந்தன. வரிக்குதிரைகள் இறங்கி முழங்கால் வரை நனைத்துவிட்டுத் திரும்பின. மணி பன்னிரண்டு. ஒன்று. உணவுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். ரேடியோவில் ஓட்டுநர்கள் ஸ்வாஹிலியில் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அத்தைதான் முதலில் சொன்னார். "இதுக இறங்காது. முன்னாடி போற மாடு ஏறி வர்ற வழியத்தான் பாக்கும். ஏறுற எடத்துல இத்தன வண்டிய நிறுத்தி வெச்சா எப்படி இறங்கும்?" மகள் மொழிபெயர்த்ததும் ஓட்டுநர் தலையாட்டிவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்து மேட்டுக்கு அப்பால் நிறுத்தினார். எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு வண்டிகள் பின்வாங்கின. கூட்டம் மறுபடி கரைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து, படம் நன்றாக வர வேண்டும் என்று எவனோ ஒருவன் வண்டியைக் கரை விளிம்புக்கு ஓட்டச் சொல்லியிருக்க வேண்டும். எஞ்சின் சத்தம் கேட்டதும் முன்வரிசை மிரண்டது, அது மிரண்டதைப் பார்த்துப் பின்வரிசை ஓடியது. ஐந்து நிமிடத்தில் எதிர்க்கரையில் புழுதிதான் மிச்சம்.

மகன் அழுதான். எனக்கும் ஆத்திரம்தான். வனக்காவலர்கள் அபராதம் போடுவார்கள் என்கிறார்கள், அன்றைக்கு அங்கே யாரும் இல்லை. சிங்கம், சிறுத்தையைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்றும் விதி உண்டு. சாயங்காலம் ஒரு சிறுத்தை மரத்தைச் சுற்றி நான் எண்ணியது பதினேழு. பதினேழில் ஒன்று நாங்கள் என்பதும் உண்மைதான், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

அக்டோபர் 3, வெள்ளி – மாராவின் விளிம்பு

இன்று காப்புக்காட்டுக்குள் போகவில்லை. அதை ஒட்டி மாசாய் நிலங்களில் அமைந்த ஒரு பாதுகாப்பு வட்டாரத்துக்கு ஓட்டுநர் அழைத்துப் போனார். கூட்டமே இல்லை. ஒரு பெண் சிங்கமும் நான்கு குட்டிகளும் புதருக்குள் கிடந்தன. எங்கள் வண்டி மட்டும். குட்டி ஒன்று தாயின் வாலைக் கடித்து அறை வாங்கியது. முக்கால் மணி நேரம் இருந்தோம், யாரும் போகலாம் என்று சொல்லவில்லை.

திரும்பும்போது அதே புல்வெளியில் ஐந்நூறு மாடுகள். மேய்ப்பவன் கையில் ஒரு கோல், தோளில் சிவப்புப் போர்வை. சிங்கம் கிடந்த இடத்துக்கும் இதற்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது.

இது யார் நிலம் என்று அத்தை கேட்டார். ஓட்டுநர் சொன்ன கணக்கு இது: கூட்டு நிலத்தை ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரித்துப் பட்டா போட்டார்கள். தனித்தனியாக வேலி போட்டால் மிருகமும் போகும், மேய்ச்சலும் போகும். அதனால் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து சுற்றுலா முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பணம் வருகிறது. மாட்டை முறை வைத்து, இன்றைக்கு இந்தப் பக்கம் நாளைக்கு அந்தப் பக்கம் என்று மேய்க்க வேண்டும். ஓட்டுநரின் சித்தப்பா நிலமும் இதில் உண்டு.

"சிங்கத்துக்கா குத்தகை?" என்றார் அத்தை.

"ஆமாம்" என்று மகன் ஓட்டுநருக்குப் பதிலாகத் தமிழில் சொன்னான்.

"வாடகை ஒழுங்கா வருதான்னு கேளு."

வருகிறது, கொரோனா சமயத்தில்தான் திண்டாடிப்போனோம் என்றார் அவர். அத்தை எங்கள் ஊர் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல், மாட்டை உள்ளே விட்டுவிட்டுப் படலைச் சாத்தினால் போதும். இப்போது ஒவ்வொருவராக விற்கிறார்கள், சிலர் தென்னை வைக்கிறார்கள். மகளுக்குக் கொழுக்கட்டைப் புல்லுக்கு ஆங்கிலம் தெரியவில்லை, இறங்காமலே ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிச் சமாளித்தாள்.

இரவில் சிங்கம் பட்டிக்கு வந்தால்? ஓட்டுநர் மகனைப் பார்த்துச் சொன்னார்: நைரோபி பூங்காவை ஒட்டிய கிடெங்கெலாவில் ரிச்சர்ட் துரேரே என்ற மாசாய்ப் பையன், பழைய கார் பேட்டரி, சோலார் தகடு, மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டர், உடைந்த டார்ச் பல்புகளை வைத்து மாறி மாறி எரியும் விளக்குகளைப் பட்டியைச் சுற்றிக் கட்டினான். யாரோ நடமாடுகிறார்கள் என்று சிங்கம் ஒதுங்கிப் போனது. 2013-ல் டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் அதைப் பற்றிப் பேசியபோது வயது 13. ஆற்றங்கரை அழுகையை மறந்துவிட்டு மகன் நோட்டில் அந்த விளக்குகளுக்கு மின்சுற்றுப் படம் வரைந்துகொண்டிருக்கிறான். பிக் ஃபைவ் பட்டியலில் காட்டெருமை இன்னும் டிக் ஆகவில்லை, நேற்று பார்த்ததை மறந்துவிட்டான் போல.

அக்டோபர் 4, சனி – நைரோபி விமான நிலையம்

ஆறு மணி நேரம் சாலை, நாரோக்கில் தேநீர், கடையில் பேரம். மாசாய்ப் போர்வை இரண்டு வாங்கினார் அத்தை, சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. சிவப்பு அவருக்கு. நீலம் மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் மயிலைக் காளையின் முதுகில் போர்த்த.

ஓட்டுநர் விடைபெறும்போது அம்போசெலியிலிருந்து செய்தி வந்திருப்பதாகச் சொன்னார். மாடு நேற்று கன்று போட்டதாம். நாலு நாள். கிடாரியா, காளைக்கன்றா என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் அத்தை.

செக்-இன்னில் அவருடைய பெட்டி ஒன்றரைக் கிலோ அதிகம். இவர் எதை எடுப்பது என்று பெட்டியைத் திறந்து யோசிப்பதற்குள் அத்தை இரண்டு போர்வையையும் உருவி, ஒன்றின் மேல் ஒன்றாகத் தோளில் போட்டுக்கொண்டார். மறுபடி நிறுத்தார்கள், சரியாக இருந்தது. மஞ்சள் அட்டைகளை மட்டும் மேலே எடுத்து வைத்திருக்கிறேன், மும்பையில் இறங்கியதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.