மூன்று பிக்சல் கோணல்

ஜூலை 5, 2025, சனி. ரோஸ் ஹில், மொரிஷியஸ்

கோயில் தேவார வகுப்பின் பழைய சுருதிப்பெட்டி போன மாதம் ஊமையாகிவிட்டது. அதிலிருந்து என் லேப்டாப்தான் சுருதி போடுகிறது. பியூர் டேட்டா என்ற ஒலி மென்பொருளில் நானே கட்டிய பேட்ச், அதாவது நிரல். வரிவரியாக நிரல் எழுத வேண்டாம், பெட்டிகளைத் திரையில் வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுத்தால் போதும். ஸ்வர எண்ணாக 55 கொடுத்தால் ஒரு பெட்டி அதை 196 ஹெர்ட்ஸ் ஆக்கும். அது ஐந்து கட்டை ஸ. ஒன்றரையால் பெருக்கினால் 294, அது ப.

இன்று வகுப்பு முடிந்து அம்மா திரையை எட்டிப் பார்த்தார். (பிள்ளைகளுக்கு அவர் மிஸ், பெரியவர்களுக்கு அம்மா.) "என்ன தம்பி, இடியாப்பம் பிழிஞ்சு வெச்ச மாதிரி இருக்கு?"

எபென் ஐ.டி. நகரில் பகலெல்லாம் அடுத்தவர் மென்பொருளில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். சுருக்கென்றது.

ஜூலை 7, திங்கள்

பியூர் டேட்டாவிலேயே 'டைடி அப்' என்று ஒரு கட்டளை உண்டு. ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும் பெட்டிகளை ஒரே வரிக்குக் கொண்டுவரும், மேல் கீழ் இடைவெளியையும் சீராக்கும். ஆனால் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து செய்ய வேண்டும். என்னிடம் 23 கோப்புகள் இருக்கின்றன. சோம்பேறிக்கு ஸ்கிரிப்ட்தான் துணை.

நல்ல வேளை, பேட்ச் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு பெட்டிக்கு ஒரு வரி: முதலில் எக்ஸ், ஒய், பிறகு பெட்டியின் பெயர். கம்பிகளும் வரிகள்தான்: எத்தனையாவது பெட்டியின் எத்தனையாவது வாயிலிருந்து எத்தனையாவது பெட்டிக்கு. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். வரிகளின் வரிசையைக் கலைத்தால் கம்பியெல்லாம் வேறு வீட்டுக்குப் போய்விடும். அதனால் வரிகளை நகர்த்தவே இல்லை. எக்ஸை 20இன் மடங்காகவும் ஒய்யை 25இன் மடங்காகவும் முழுமையாக்குவதோடு சரி. பைத்தானில் அறுபது வரி.

சோதனையும் எழுதினேன். பழைய கோப்பு, புதிய கோப்பு இரண்டிலும் எக்ஸ், ஒய் எண்களை அழித்துவிட்டு ஒப்பிட வேண்டும், மிச்சம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 23க்கு 23 தேறியது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

ஜூலை 9, புதன்

குறிப்புகள் இடிக்கின்றன. பெட்டிகளுக்குப் பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதி வைப்பது என் பழக்கம். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருக்க, எழுத்துகளை எண்ணி அகலம் கணக்கிடும்படி ஸ்கிரிப்டில் பிறகு சேர்த்திருந்தேன். 'சுருதி' நமக்கு மூன்று எழுத்து. பைத்தானுக்கு ஆறு, கோப்பில் பதினெட்டு பைட். ஆறு என்று எண்ணி அடுத்த பெட்டியை ஜன்னலின் ஓரத்துக்கே தள்ளிவிட்டது.

ஒட்டும் குறிகளை எண்ணாதே என்று திருத்தினேன். அப்போதும் புள்ளியை மட்டும் விட்டுவிட்டு, உகரச் சுழியையும் இகரக் கொக்கியையும் முழு எழுத்தாகவே எண்ணியது. நான் பார்த்தது யூனிகோடின் இணைப்பு எண்ணை; அது புள்ளிக்கு உண்டு, உயிர்க்குறிகளுக்குப் பூஜ்யம். எழுத்தா குறியா என்று சொல்லும் பொதுவகையைப் பார்த்து வடிகட்டியதும் எண்ணிக்கை சரியானது. சரி, எண்ணிக்கை வேறு, அகலம் வேறு. 'கொ' ஒரே எழுத்துதான், 'க'வைப் போல மூன்று மடங்கு இடம் பிடிக்கிறது. கடைசியில் தமிழ்க் குறிப்புகளுக்கெல்லாம் தாராளமாக இடம் விட்டு, தப்பித்தேன்.

ஜூலை 12, சனி

மானம் போயிற்று.

பதினாலு பிள்ளைகள், பின்னால் நாலைந்து பெற்றோர். அம்மா கையைக் காட்டினார், நான் சுருதியைத் திறந்தேன். தட தட தட தட. சிக்னலில் நிற்கும் பழைய டீசல் பஸ்போல. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. கம்பியைப் பிடுங்கினேன். முன்வரிசைக் குட்டி ஒருத்தி "அயோ!" என்றாள். இங்கே கிரியோலிலும் அது 'அயோ'தான், மொழிபெயர்க்கத் தேவையில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தானே ஸ பிடித்தார், பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். மடிக்கணினியே இல்லாமல் வகுப்பு நன்றாகவே நடந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

ஜூலை 13, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் பிடித்துவிட்டேன்.

சுருதி ஒரு தனிப் பேட்ச். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெட்டி, மேலே இரண்டு வாய்: இடது கட்டை, வலது ஒலியளவு. உள்ளே திறந்தால் ஒவ்வொரு வாய்க்கும் ஓர் 'இன்லெட்' பெட்டி. எது இடது, எது வலது என்று பியூர் டேட்டா எதை வைத்து முடிவு செய்கிறது? உள்ளே அந்த இன்லெட்டுகள் திரையில் எங்கே நிற்கின்றன என்பதை வைத்துத்தான். எக்ஸ் சிறியது இடது.

நான் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருந்தேன், கொஞ்சம் கோணலாக. ஒன்று 38, மற்றது 41. என் ஸ்கிரிப்ட் இரண்டையும் 40 ஆக்கியது. இடம் வலம் சொல்ல ஆதாரமே போய்விட்டது, வாய்கள் இடம் மாறிக்கொண்டன. கட்டையின் 55 ஒலியளவுக்குப் போனது, அலையை ஐம்பத்தைந்தால் பெருக்கிவிட்டது. ஒலியளவின் 0.3 கட்டைக்குப் போனது, அதன் அதிர்வெண் நொடிக்கு எட்டுச் சொச்சம். ஸ்வரமாகக் காதுக்குக் கேட்காத ஸ, கூம்பை மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது.

சோதனை ஏன் பிடிக்கவில்லை? எக்ஸ், ஒய்யை அழித்துவிட்டல்லவா ஒப்பிட்டேன். பிழை இருந்த இடத்தை நானே துடைத்துவிட்டு, பிழையில்லை என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்று இந்த ஊர்த் தமிழரிடம் கேட்டிருக்க வேண்டும். 1998இல் வந்த புது ரூபாய் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ், இந்திக்குக் கீழே போயிருந்தது. எழுத்தும் எண்ணும் அப்படியேதான் இருந்தன, இடம்தான் மாறியது. கிளம்பிய எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். 1999இல் தமிழ் மீண்டும் மேலே வந்தது. இன்று மாலை பால் வாங்கும்போது நோட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 16, புதன்

பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கும் நண்பரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் மேக்ஸ் ஆள், அதுவும் இதே மாதிரிப் பெட்டி, கம்பி மென்பொருள்தான். பாரிஸின் இர்காம் இசை ஆய்வு மையத்தில் 1980களில் மில்லர் பக்கெட் எழுதியது, பெயர் கணினி இசை முன்னோடி மேக்ஸ் மேத்யூஸைக் கௌரவிக்க வைத்தது. பிறகு 1990களில் அதே பக்கெட்தான் பியூர் டேட்டாவையும் எழுதினார்.

"உன் ஸ்கிரிப்ட் எங்க வீட்டுக்கு வேண்டாம்பா" என்றார். அங்கே ஒரு வாயிலிருந்து பல கம்பிகள் போனால், திரையில் வலப்பக்கம் இருக்கும் பெட்டிக்கு முதலில் செய்தி போகும். நெடுக ஒரே கோட்டில் இருந்தால் கீழே இருப்பதற்கு முதலில். அதாவது அழகாக அடுக்கினாலே ஓடும் வரிசை மாறக்கூடும். பியூர் டேட்டாவில் அந்தத் தொல்லை இல்லை, கம்பி இழுத்த வரிசையே செல்லும். ஆனால் அது திரையில் தெரியாது. எங்கே இருந்தாலும் நடுவில் 'டிரிகர்' பெட்டி போட்டு வரிசையைக் கட்டிவிடுவதுதான் ஒழுங்கு. என் 23இல் போட்டிருந்தது ஆறில்.

திருத்தம் இதுதான்: இன்லெட், அவுட்லெட் பெட்டிகள் ஒரே எக்ஸில் விழுந்தால், முன்னிருந்த வரிசைப்படி 20 பிக்சல் தள்ளி வை. சோதனையிலும் அழிப்பதற்கு முன் இடவலம் வரிசையைக் குறித்துக்கொண்டு ஒப்பிடு. பழைய ஸ்கிரிப்ட் செய்த கோப்புகளை இதில் ஓட்டினேன். 23இல் நாலு விழுந்தன. சுருதி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் கிடைத்தது. வெளிமுகத்தில் தெரிய வேண்டிய ஒரு ஸ்லைடர், நகர்ந்ததில் சட்டத்துக்கு வெளியே போய் மறைந்துவிட்டது. அந்த வகைக் கோப்புகளை இப்போதைக்குத் தொடுவதில்லை.

ஜூலை 19, சனி

வீட்டில் மூன்று முறை, கோயிலில் பிள்ளைகள் வருமுன் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். ஸ, ப, இரண்டும் சுத்தம்.

வகுப்பு பாதியில் அம்மா திரும்பினார். "தம்பி, அரைக் கட்டை ஏத்து."

முன்வரிசைக் குட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஒலியளவைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன், 56 அடித்தேன், மெல்ல ஏற்றினேன்.