செருப்போடை தராசிலை ஏறுங்கோ

சின்ன பிளேனுக்கு பாரக் கணக்குப் போடுறதுதான் என்ரை வேலை எண்டு சொன்னா எங்கடை ஊர்ச் சனத்துக்கு அது உடனை விளங்காது. "பைலட்தானே ஓட்டுறார், நீ என்னடாப்பா செய்யிறாய்" எண்டு கேப்பினம். நாலு சீட் செஸ்னா 172 மாதிரி ஒண்டு யாழ்ப்பாணத்துப் பலாலியிலை இருந்து கொழும்புக்குக் கிட்ட இருக்கிற இரத்மலானைக்குக் கிளம்ப முந்தி ஆர் எந்த சீட்டிலை இருக்கினம், எந்த பாக் எங்கை போகுது, டாங்கிலை எவ்வளவு எண்ணெய் எண்டதையெல்லாம் பெருக்கிக் கூட்டி ஒரு தாளிலை எழுதி பைலட்டிட்டைக் குடுக்கவேணும், அவர் தன்ரை பாட்டிலை இன்னொருக்கா பாத்துப்போட்டுக் கையெழுத்து வைப்பார். பொறுப்பு கடைசியிலை அவற்றைதான், ஆனா நான் எழுதிக் குடுக்கிற நிறையே பொய்யெண்டா அவர் எத்தினை தரம் கூட்டிப் பாத்தும் என்ன பிரயோசனம்.

சென்னையிலை இருந்து வாற ஏடிஆர் 72 மாதிரிப் பிளேனிலை கனபேர் ஏறுவினம், அங்கை ஒவ்வொருத்தரா நிறுக்கிறேல்லை, ஆளுக்கு இவ்வளவு எண்டு ஒரு சராசரி வைச்சுத்தான் போடுறது. ஒராள் மெலிவு, இன்னொராள் மொத்தம், கூடிக் குறைஞ்சு ஒரு மாதிரி சரிவந்திடும். நாலு பேர் ஏறுற பிளேனிலை அப்பிடிச் சரிவர இடமே இல்லை, ஆகலும் நாலு பேர்தானே. அதாலை எல்லாரையும் நிறுக்கவேணும், வேலையிலை எனக்குக் கஷ்டமான இடமும் அதுதான், கணக்கு இல்லை.

எங்கடை சனத்திட்டை நிறை கேட்டுப் பாருங்கோ. பொம்பிளையள் அஞ்சாறு கிலோ குறைச்சுச் சொல்லுவினம், ஐயாமார் கலியாணம் கட்டின காலத்து நிறையைச் சொல்லுவினம். அவையள் வேணுமெண்டு பொய் சொல்லுறேல்லை, மனசிலை இருக்கிற நிறையைச் சொல்லினம், அவ்வளவுதான். நான் கேக்கிறதை விட்டு கனகாலம், நேரை தராசுதான். அதிலையும் ஒரு பழக்கம் இருக்கு, வயசான அம்மாமார் தராசைக் கண்ட உடனை செருப்பைக் கழட்டுவினம், கைப்பையைக் கீழை வைப்பினம், சிலபேர் மூக்குக்கண்ணாடியையும் கழட்டி மகளின்ரை கையிலை குடுப்பினம், டொக்டர் வீட்டை நிறுக்கிற மாதிரி. "இல்லை அம்மா, செருப்போடை, பையோடை ஏறுங்கோ, பிளேனுக்குள்ளை எப்பிடி இருப்பியளோ அப்பிடியே" எண்டு சொல்லி ஏத்துவன். தராசின்ரை முகத்தை என்ரை பக்கம் திருப்பி வைச்சிருக்கிறன், நம்பரை நான் மட்டும் பாத்து எழுதுவன், வாய்விட்டுச் சொல்லமாட்டன். ஒரு மனுசரின்ரை நிறையை நாலுபேர் முன்னாலை வாசிக்கிறது மரியாதை இல்லை. அந்த மரியாதையைக் காப்பாத்தினாத்தான் சனம் மறுக்காமல் ஏறும்.

இனி கணக்குக்கு வாறன். முழுப் பாரம் எவ்வளவு எண்டதை எல்லாரும் கேப்பினம், அந்தப் பாரம் எங்கை இருக்கு எண்டதை ஒருத்தரும் கேக்கமாட்டினம். எங்கடை தோட்டக் கிணத்திலை துலா, அதாவது தண்ணி இறைக்கிற நீட்டு மரம், மிதிச்சதைக் கண்ட ஆக்களுக்கு இதை ஒரு வரியிலை சொல்லிப்போடலாம். துலாவிலை ஏறி நிக்கிற ஆளின்ரை நிறை மாறுறேல்லை, அவர் நுனிப்பக்கம் நடந்தா தண்ணி அள்ளுற பட்டை தாழும், அடிப்பக்கம் நடந்தா தண்ணியோடை மேலை வரும். அச்சிலை இருந்து எவ்வளவு தூரத்திலை நிக்கிறார் எண்டதுதான் வேலை செய்யுது. பிளேனிலையும் அதே சங்கதிதான், நிறையைத் தூரத்தாலை பெருக்கினா மொமென்ற், எல்லா மொமென்றையும் கூட்டி முழு நிறையாலை பிரிச்சா வாறது சீஜி, அதாவது முழுப் பாரமும் ஒரு புள்ளியிலை கூடி நிக்கிற இடம். தூரம் அளக்கத் தொடங்கிற இடத்தை டேட்டம் எண்டுவம், 172இலை அது எஞ்சினுக்குப் பின்னாலை இருக்கிற ஃபயர்வோல் எண்ட நெருப்புத் தடுக்கிற சுவரின்ரை முன்முகம்.

செஸ்னாவின்ரை புத்தகம் இறாத்தலிலையும் அங்குலத்திலையும்தான் கிடக்கு, எங்கடை தராசு கிலோ, அதாலை முதல் வேலை 2.2ஆலை பெருக்கிறது. 172எஸ் எண்டா ஆகக்கூடின பாரம் 2,550 இறாத்தல், அந்தப் பாரத்திலை சீஜி 41.0 அங்குலத்துக்கும் 47.3 அங்குலத்துக்கும் இடையிலை நிக்கவேணும். முன் சீட் 37 அங்குலம், எண்ணெய் 48, பின் சீட் 73, அதுக்குப் பின்னாலை பாக் வைக்கிற முதல் இடம் 95, கடைசி மூலை 123. வெறும் பிளேன் 1,680 இறாத்தல், 40 அங்குலம் எண்டு வைப்பம். ஆக்கள் நாலு பேர், 190, 160, 140, 120. பாக் 120 இறாத்தல், அதுக்கு மேலை ஏத்தவும் ஏலாது. இவ்வளவும் சேர 2,410, மிச்சம் 140 இறாத்தலுக்குத்தான் எண்ணெய், ஒரு அமெரிக்கக் கலன் 6 இறாத்தல் எண்டா 23 கலன் சொச்சம். டாங்க் 53 கலன் கொள்ளும், ஆனா நாலு பேரும் பாக்கும் ஏறினா நிரப்ப ஏலாது, நாலு சீட் இருக்கிறதாலை நாலு பேரும் முழு டாங்கும் எண்டு நினைக்கிறது பெரிய பிழை.

பாரம் கூடின ரெண்டு பேரும் முன்னுக்கு இருந்தா சீஜி 45.98, நல்ல இடம். அதே நாலு பேர், அதே பாக், அதே எண்ணெய், ஆனா மொத்தமான ரெண்டு பேரும் பின்னுக்குப் போய் இருந்தா 47.25. எல்லைக்கு மயிரிழை. அந்த நேரம் பார்த்து ஆரோ ஒராள் "இடைஞ்சலா கிடக்கு" எண்டு 30 இறாத்தல் பையை முதல் இடத்திலை இருந்து கடைசி மூலைக்குத் தள்ளிவிட்டா 47.58, எல்லை தாண்டியாச்சு. முழுப் பாரம் ஒரு இறாத்தல்கூட ஏறேல்லை, தராசைக் கேட்டா எல்லாம் சரியெண்டுதான் சொல்லும்.

பின்பாரம் கூடினா என்ன நடக்கும் எண்டு கேட்டா, தொடக்கத்திலை ஒண்டும் நடக்காது, அதுதான் பயம். கொன்ரோல் லேசா, இதமா இருக்கும், பிளேன் கெதியா மூக்கைத் தூக்கும். மூக்கு மேலை போய் ஸ்டோல் ஆகிற, அதாவது செட்டை தூக்கிறதை விடுற நேரம் அதைத் திரும்பக் கீழை கொண்டுவாறதுக்கு வால்ப் பக்கத்துக்கு பலம் காணாது, சுத்திச் சுத்தி விழுற ஸ்பின்னுக்குள்ளை போனா வெளியிலை எடுக்கிறதும் கஷ்டம். முன்பாரம் கூடினா வேறை மாதிரி, வால் கூடக் கீழை அமத்தவேண்டி வரும், அந்த அமத்தலையும் சேத்து செட்டை தூக்கவேணும், அதாலை ஸ்டோல் வேகம் கூடும், இறங்கேக்கை மூக்கை நிமித்த இழுவை காணாமல் முன் சில்லு முதல் அடிபடும். ரெண்டும் கூடாது, ஆனா எனக்கு பின்பாரத்துக்குத்தான் கூடப் பயம்.

2003 ஜனவரி 8ஆம் திகதி அமெரிக்காவிலை சார்லட் விமான நிலையத்திலை ஒரு பீச்கிராஃப்ட் 1900டி கிளம்பின உடனை மூக்கைத் தூக்கிக்கொண்டுபோய் விழுந்தது, அதிலை இருந்த 21 பேரும் செத்துப்போச்சினம். வாலிலை மூக்கை ஏத்தி இறக்கிற தட்டு, எலிவேற்றர், அதின்ரை கேபிளைத் திருத்தேக்கை பிழையாப் பூட்டிக் கிடந்தது, அதாலை மூக்கைக் கீழை அமத்த முழு இழுவை கிடைக்கேல்லை. அதோடை சராசரி நிறையிலை போட்ட கணக்கு தாளிலை சரி, உண்மையிலை ஆக்களும் பாக்கும் அதைவிடப் பாரம், சீஜி பின் எல்லையைத் தாண்டிக் கிடந்தது. அதுக்குப் பிறகுதான் அங்கை சராசரி நிறையைக் கூட்டினவை. புதுசா வேலைக்கு வாற தம்பிமாருக்கு இதைத்தான் நான் முதல் சொல்லுறது, அதோடை அந்தத் தாளிலை கூட்டல் கழித்தல் பிழை இல்லை எண்டதையும் சேத்துச் சொல்லுவன்.

யாழ்ப்பாணத்துப் பாக் வேறை. கொழும்பிலை இருக்கிற பிள்ளையளுக்கு எண்டு பனங்கட்டி, ஒடியல் மா, கருவாடு, கறுத்தக்கொழும்பான் காலம் எண்டா மாம்பழப் பெட்டி. பாக்கச் சின்னப் பை, தூக்கினா கை இழுக்கும். கருவாட்டுப் பை பெரிசு, பாரம் இல்லை, பனங்கட்டிப் பை சின்னன், பாரம் கனக்க. அதாலை கண்மட்டத்துக்கு நான் ஒண்டும் எழுதிறேல்லை, ஒவ்வொண்டும் தராசுக்குப் போகும், போய் வலையாலை கட்டிப் பூட்டினாப் பிறகுதான் தாளிலை ஏறும். பறக்கேக்கை பை பின்னாலை வழுக்கினா நான் எழுதின தூரத்துக்கு அர்த்தம் இல்லை.

பலாலி கடல் மட்டத்துக்குக் கிட்ட, றன்வேயும் மட்டம், ஆனா சித்திரை வைகாசி வெயில் சும்மா விடாது. 35 பாகைக்கு ஏறினா காத்து ஐதாகி, நிலத்திலை நிக்கிற பிளேன் 2,000 அடிக்கு மேலை நிக்கிற மாதிரித்தான் நடந்துகொள்ளும், கிளம்ப கூடத் தூரம் ஓடவேணும், ஏறுறதும் மந்தம். எல்லைக்குள்ளை நிக்கிற பாரமாயிருந்தாலும் மத்தியானம் எண்டா குறைச்சு ஏத்துங்கோ, இல்லாட்டி விடியப் போங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

இன்னொண்டு, வெறும் பிளேனின்ரை நிறை. கன இடத்திலை பழைய தாளைத்தான் பாத்து எழுதினம். பெயின்ற் அடிச்சா பாரம், புது ரேடியோ பூட்டினா பாரம், பழசைக் கழட்டினா அதுவும் மாறும், எல்லாம் தாளிலை ஏறவேணும். ஒழுங்கா நிறுக்கிறதெண்டா எண்ணெயை வடிச்சு, பிளேனை மட்டம் பிடிச்சு, மூண்டு சில்லுக்கும் கீழை தராசு வைச்சு, காத்துப் படாமல் ஹாங்கருக்குள்ளை கதவைச் சாத்திப்போட்டு நிறுக்கவேணும். அந்த நம்பர் பிழைச்சா அதுக்குப் பிறகு நான் போடுற ஒவ்வொரு கணக்கும் பிழை.

கடைசி நேரத்திலைதான் பெரும்பாலும் குழப்பம். புருசன் பெண்சாதி பக்கத்திலை இருக்க ஆசைப்படுவினம், ஒரு பெடியன் முன் சீட்டிலை இருந்து படம் எடுக்கக் கேப்பான், ஐயா ஒராள் கால் நீட்ட இடம் வேணும் எண்டுவார். நான் ஒருத்தருக்கும் ஏலாது எண்டு சொல்லுறேல்லை, "ஒரு அஞ்சு நிமிசம் பொறுங்கோ" எண்டுபோட்டு புதுத் தாள் எடுத்து முதலிலை இருந்து போடுவன், எல்லைக்குள்ளை வந்தா மாறி இருக்கலாம், வராட்டி ஏன் எண்டு அந்தத் தாளைக் காட்டிச் சொல்லுவன். எண்ணெய் முழுக்க எரிஞ்ச நிலைக்கும் ஒருக்காப் போட்டுப் பாக்கிறனான், கிளம்பேக்கை சரியா இருக்கிறது இறங்கேக்கையும் சரியா இருக்கவேணும். இதுக்கு எண்டு காத்து நிண்ட பைலட்மார் ஒருத்தரும் முகம் சுழிச்சு நான் காணேல்லை, சிலபேர் இறங்கிவந்து பக்கத்திலை நிண்டு தாங்களும் கல்குலேற்றரைத் தட்டிப் பாப்பினம்.